காலிப் பணியிடத்தில் ஒரு தேனீ

தேனீக்கள் குறைந்துவிட்டன என்று யாரும் சொல்லக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்று அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். தேனீக்கள் குறையவில்லை, தேனீப் பணியிடங்கள் காலியாக இருக்கின்றன. குறைந்தது என்றால் ஏன் என்று கேட்பார்கள். காலி என்றால் எப்போது நிரப்பப் போகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மகரந்த நல வாரியத்திடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருந்தது.

இந்த வருடத்துப் பதில் அவள்.

தாவரவியல் படித்துவிட்டு, அக்கா வீட்டில் அக்காவோடும் மாமாவோடும் இருந்துகொண்டு, கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவள். 'கிழக்குப் பகுதித் தேனீ, ஓர் இடம், தற்காலிகம்' என்று பார்த்தபோது அச்சுப் பிழை என்று நினைத்தாள். தேனீ ஆய்வாளர் என்றோ தேனீக் காப்பாளர் என்றோ இருந்திருக்கும், ஒரு சொல் விழுந்துவிட்டது என்று மாமாவும் சொன்னார்.

நேர்காணலில் அவளுக்குப் பறக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். பரவாயில்லை, பயணப்படி உண்டு என்று குறித்துக்கொண்டார்கள். கூட்டமாக வேலை செய்வீர்களா, இனிப்பு பிடிக்குமா, மேலிடத்துக்குக் கட்டுப்படுவீர்களா என்று அடுத்தடுத்து கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குத் தலையாட்டுவது சுலபம். வாரியத்துக்கும் அதுதான் பிடித்தது.

கண்காணிப்பாளர் நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேசவே மாட்டார். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தேனீயின் படம் இருந்தது. வெயில் பட்டுப் பட்டு மஞ்சள் கோடெல்லாம் வெளுத்துப்போய், இப்போது அது ஈ மாதிரி இருந்தது. முதல் நாள் அந்தப் படத்துக்கு மேல் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு அவளுக்கு நிலைமையை விளக்கினார்.

"பாரும்மா, தேனீ குறையுதுன்னு எழுதினா காரணம் கேப்பாங்க. காரணத்தைத் தேடினா பூச்சிமருந்துல போய் நிக்கும். பூச்சிமருந்துத் துறை நமக்கு மேல் மாடி. தண்ணித் தொட்டி அவங்க பக்கம். லிப்டு சாவி அவங்ககிட்ட. நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு முட்டி வலி. நான் யாரைப் பாக்கிறது, தேனீயையா, முட்டியையா?"

அவள் தலையாட்டினாள்.

முட்டி வலி என்று அவர் சொன்னது முக்கியமாகப் பட்டாம்பூச்சியை. ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. கனத்த சரீரம், கணீர்க் குரல். நகர்ப் பகுதிப் பட்டாம்பூச்சிப் பணியிடத்தில் மூன்றாவது வருடமாக இருந்தார். அவளுக்கு அடுத்த நாற்காலி அவருடையது. இரவுக் காவலாளிக்கு அந்துப்பூச்சிப் பொறுப்பைக் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். ராத்திரி விளக்கெரியும் இடத்தில் போய் உட்கார்ந்திருப்பார். அந்துப்பூச்சிக்கு அது போதும் என்று வாரியம் கருதியது. ராணித் தேனீ இடம் மட்டும் காலியாக விடப்படவில்லை. அதை வாரியத் தலைவரே வகித்தார்.

கோடு போட்ட கம்பளிச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். மஞ்சளும் பழுப்பும். முந்தைய கிழக்குப் பகுதித் தேனீ நல்ல உயரம் போலிருக்கிறது, சட்டை அவளுக்கு முழங்கால் வரை வந்தது. வெயில் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு பேருந்தில் போவது தனி அனுபவம். உட்கார இடம் மட்டும் எளிதில் கிடைத்தது.

வேலை இப்படி நடந்தது. பத்து மணிக்கு வருகைப்பதிவு. பிறகு தேநீர். பிறகு வேன் வரும். எல்லாப் பகுதித் தேனீக்களும் ஏறிக்கொள்ள, ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போவார்கள். போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். பூசணிப் பூவும் வெள்ளரிப் பூவும் விடியற்காலையில் மலர்பவை. வெயில் ஏறுவதற்குள் வாடிச் சுருண்டுவிடும், மறுபடி திறக்காது. வேன் போகும்போது தோட்டம் முழுக்க மடக்கிய குடை மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

"இப்பவா வர்றீங்க?" என்றார் ஒரு வெள்ளரிக்காரர், முதல் தடவை. "எல்லாரும் கடையை மூடிட்டுப் போயாச்சு."

அதற்கும் வாரியத்தில் ஏற்பாடு இருந்தது. வேனின் பின்பக்கம் ஒரு பை நிறையத் துணிப் பூக்கள். ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். செடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்க வேண்டும். படம் எடுப்பார்கள். துணிப் பூக்களை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டு வேன் கிளம்பும்.

அவள் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, பூ மலரும் நேரத்தைப் பற்றிக் கண்காணிப்பாளரிடம் சொன்னாள். வேனை விடியற்காலையில் விட்டால் என்ன என்றும் கேட்டாள். அவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். வேன் ஓட்டுநருக்கு அது மிகைநேரம் ஆகும் என்றார். ஆனால் பிரச்சினையை விட்டுவிடவில்லை. அடுத்த வாரமே விவசாயிகள் அனைவருக்கும் சுற்றறிக்கை போனது. பூக்கள் இனி அலுவலக நேரத்தில் மலர்ந்திருப்பதை நில உரிமையாளர்கள் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று.

"உன் யோசனைதான்," என்று அவளைப் பாராட்டினார்.

*

அக்காவும் மாமாவும் ஊருக்கு வெளியே குத்தகை நிலத்தில் பூசணி போட்டிருந்தார்கள். போன தடவை கொடி நன்றாகப் படர்ந்தது. பூத்தது. காய்க்கவில்லை. பெண்பூவுக்கு அடியில் பிஞ்சு பூவோடு பிறந்தே வரும், நெல்லிக்காய் அளவுக்கு. தேனீ வந்து ஆண்பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அது பருக்கும். வராவிட்டால் மஞ்சளாகி, அழுகி, தொட்டால் கையோடு வரும். போன தடவை அக்கா கூடை கூடையாகப் பிஞ்சுகளை வாரிக் கொட்டினாள். இந்தத் தடவையும் இப்படியே ஆனால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். நிலத்துக்காரர் அதைச் சொல்லியும்விட்டார், சிரித்துக்கொண்டே.

ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவுக்குள் தடவினால் காய்க்கும். செய்யத் தெரிந்த வேலைதான். ஆனால் பூ திறந்திருப்பது கொஞ்ச நேரம். நிலம் பெரிது. அக்காவுக்கு முதுகு வலி. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. மாமாவுக்குக் கண் மங்கல். ஆண்பூ எது பெண்பூ எது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்கோ பத்து மணிக்கு வருகைப்பதிவு இருந்தது. அதற்கான ஒரே பேருந்து, பூ மலர்கிற நேரத்தில் புறப்பட்டது.

"ஊர்ல ஒருத்தர் வீட்லயும் இல்லாத அதிசயம்," என்றார் மாமா. "நம்ம வீட்டுத் தேனீ டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு வெளியூர்ப் பூவுக்குப் போகுது."

"சும்மா இருங்க," என்றாள் அக்கா. "அவ சம்பளத்துலதான் விதையே வாங்கினோம்."

ஒரு விடுமுறை நாளில் அவள் விடிவதற்கு முன்னால் எழுந்து தோட்டத்துக்குப் போனாள். வெயில் ஏறுகிற வரை குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தாள். வீட்டுக்கு வந்தபோது விரல் நுனியெல்லாம் மஞ்சள். அந்த வரிசைகளில் பிஞ்சு நின்றது. சில நாளில் எலுமிச்சை அளவு, பிறகு ஆரஞ்சு அளவு. அக்கா தினமும் போய் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அவ்வளவு நாளில் அக்கா முகத்தில் அவள் பார்த்த ஒரே வெளிச்சம் அதுதான்.

வாரியத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கமாக சைக்கிளில் போன வடக்குப் பகுதித் தேனீ யதேச்சையாகப் பார்த்திருக்கிறார். பார்த்ததைச் சொல்ல வேண்டியது தேனீயின் கடமை. எங்கே பூ இருக்கிறது என்று நிஜத் தேனீ கூட்டுக்கு வந்து ஆடிக் காட்டுமே, அந்த விதிப்படி. ஆடத் தெரியாததால் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கண்காணிப்பாளர் அவளை வருத்தத்தோடு கூப்பிட்டார்.

"பணி நேரத்துக்கு வெளியில மகரந்தத்தைத் தொட்டிருக்கே. அது தனியார் தொழில். அதுவும் சொந்தக்காரங்க தோட்டம். நாளைக்கு ஒவ்வொரு தேனீயும் அவங்கவங்க அக்கா தோட்டத்துக்குப் போக ஆரம்பிச்சா, பொதுமக்கள் பூவை யார் பாக்கிறது?"

பொதுமக்கள் பூவை இப்போது யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி அவள் தொண்டை வரை வந்தது. தலையாட்டிவிட்டு வந்தாள். கையில் எச்சரிக்கைக் குறிப்பு. இன்னொரு தடவை தொட்டால் வாரியத்துக்குச் சொந்தமான மகரந்தத்தைத் திருடியதாகக் கொள்ளப்படும் என்று அதில் இருந்தது.

"கொட்டாமப் பாத்துக்கோ," என்றார் பட்டாம்பூச்சி, முட்டியில் தைலம் தடவிக்கொண்டே. என்ன அர்த்தம் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

*

தேனீப் பெட்டி கேட்டு அக்கா முன்பே மனு போட்டிருந்தாள். பதில் வராததால் ஒருநாள் நேரிலேயே கிளம்பி வந்துவிட்டாள். நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பையோடு. கண்காணிப்பாளர் உட்காரச் சொன்னார். அக்கா உட்காராமல், பையில் இருந்ததை மேஜைக் கண்ணாடி மேல் கொட்டினாள். அன்று காலையில் உதிர்ந்த பிஞ்சுகள்.

அவருக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்பட்டது. ஒன்றை எடுத்துப் பார்த்தார். அது விரலில் நசுங்கியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, சுவரில் இருந்த வரைபடத்துக்குப் போனார். காலியான பகுதிகளில் சிவப்புக் குண்டூசி. நிரப்பப்பட்ட பகுதிகளில் பச்சை. சிவப்பு இருக்கிற இடங்களுக்குத்தான் பெட்டி.

"உங்களுது கிழக்கா? கிழக்குல தேனீ இருக்கேம்மா."

"எங்கேங்க இருக்கு? ஒண்ணைக் கண்ணால பாத்து ரெண்டு வருஷமாச்சு."

"அதோ."

அவர் காட்டிய இடத்தில், கோடு போட்ட கம்பளிச் சட்டையோடு, துணிப் பூக்களைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு குண்டூசியைப் பார்த்தாள்.

"அது என் தங்கச்சிங்க."

"இருக்கலாம்மா. வீட்டு உறவு வேற, பணி வேற. ஒரு பகுதிக்கு ஒரு தேனீ இருக்கும்போது நான் பெட்டியும் குடுத்தா, ஒரே பூவுக்கு ரெண்டு செலவான்னு தணிக்கையில கேப்பாங்க."

பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். அக்கா வழிநெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளோ கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்திருந்தாள். அதை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

இறங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா கேட்டாள்: "அப்ப, அந்தப் பச்சைக் குண்டூசி நீதானாடி?"

"ஆமாக்கா."

"ம். நல்லா அழுத்திக் குத்தியிருக்காங்க" என்றாள்.

அன்று சாப்பிடும்போது மாமாகூட கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். விட்டுவிட்டால் கிழக்குப் பகுதி காலியாகும், பெட்டி வரும், இந்தப் பூ முடிவதற்குள் வந்தால் பாதித் தோட்டமாவது பிழைக்கும். இத்தனையையும் அவள் ஒரே மூச்சில் சொன்னது அந்த வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

விட்டுவிட்டு என்ன செய்வாய் என்று அக்கா கேட்கவில்லை. விடாதே என்றும் சொல்லவில்லை. அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

*

"ராஜினாமாவா?" என்றார் கண்காணிப்பாளர். "தேனீ ராஜினாமா பண்ணி நான் பாத்ததில்லையேம்மா."

பணிவிதிகளை எடுத்தார். வாரியம் தொடங்கிய காலத்தில், வேலைக்கு மனிதர்கள் வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்காதபோது, பூச்சிகளுக்கென்றே எழுதிய விதிகள் அவை. இன்றுவரை திருத்தவில்லை. திருத்தினால் இடையில் ஏதோ மாறிவிட்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த விதிகளின்படி தேனீ பணியை விட்டுப் போக மூன்று வழிகள்தான் உண்டு. ஒன்று, ராணியோடு மொத்தக் கூட்டமாகக் கிளம்புவது. அதற்குத் தலைவரும் ராஜினாமா செய்ய வேண்டும். அவர் செய்ய மாட்டார். இரண்டு, மூப்பு. அவளுக்கு அந்த வயதில்லை.

"மூணாவது?"

"கொட்டறது."

அவர் விளக்கினார். தேனீ ஒரு தடவைதான் கொட்டும். கொட்டினால் செத்துப்போகும். ஆகவே வாரியத்தின் மீது குறை சொல்ல ஒவ்வொரு பணியாளருக்கும் பணிக்காலத்தில் ஒரே ஒரு வாய்ப்பு. சொன்ன மறுநிமிடம் அவர் இறந்ததாகக் கொள்ளப்படுவார்.

"இதுவரைக்கும் யாராவது...?"

"ஒருத்தர்கூட இல்ல. அதனாலதான் நமக்கு வருஷா வருஷம் குறையில்லா நிறுவனம்னு விருது வருது." அலமாரியில் வரிசையாக இருந்த கேடயங்களைக் காட்டினார். "யோசிச்சு செய். கொட்டினவங்க மறுபடியும் எந்தப் பூச்சிப் பணிக்கும் விண்ணப்பிக்க முடியாது."

பட்டாம்பூச்சியிடம் சொன்னபோது அவர் தைலப் புட்டியை மூடி வைத்தார்.

"குடுத்து வச்சவ நீ. எனக்கு எவ்வளவு இருக்கு தெரியுமா மனசுல? மூணு வருஷமா இந்த முட்டியை வச்சுக்கிட்டுத் தோட்டம் தோட்டமா குதிக்கச் சொல்றாங்க. சொல்லலாம்னா பட்டாம்பூச்சிக்குக் கொடுக்கே கிடையாதாம். விதியில எழுதியிருக்கு."

அன்று இரவு முழுக்க அவள் மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். மேல் மாடியைப் பற்றி. வேன் கிளம்பும் நேரத்தைப் பற்றி. துணிப் பூ, சுற்றறிக்கை, கம்பளிச் சட்டை. ஒரே தடவைதான் வாய்ப்பு என்பதால் எதையும் விட மனசு வரவில்லை. காலையில் பேருந்தில் வரும்போது அது நீண்டுகொண்டே போனது. கண்காணிப்பாளர் அறைக்குள் நுழைந்தபோது எல்லாம் மறந்துவிட்டது. சட்டையின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்.

"சார், தேனீ குறைஞ்சுபோச்சு."

வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. கதவு திறந்திருந்ததை இருவரும் அப்போதுதான் கவனித்தார்கள். நீண்ட அறையில் எல்லாத் தேனீக்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரோ ஒருவர் நாற்காலியைப் பின்னால் இழுத்தார்.

கண்காணிப்பாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த வெளுத்த படத்தின் மேல் விரலால் தேய்த்தார்.

"எங்க வீட்டுல ஒரு எலுமிச்சை," என்றார், இன்னும் தாழ்ந்த குரலில். "நாலு வருஷமா பூக்குது. ஒரு காய் வைக்கல. என் வீட்டுக்காரி கேக்கிறா, நீங்க ஆபீஸ்ல என்னதான் பண்றீங்கன்னு."

அவர் இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் பழையபடி ஆனது.

"மணி என்ன ஆகுது பாரும்மா. இறந்த நேரம் போடணும்."

*

மறுநாள் இரங்கல் கூட்டம். சட்டையையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்க அவளும் வர வேண்டியிருந்தது. மேடையில் அவளுடைய படத்தை மாட்டி, கீழே துணிப் பூக்கள் வைத்திருந்தார்கள். எல்லாம் அவள் துவைத்தவை. கடைசி வரிசையில், தேநீர் கொடுக்கிற மேஜைக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது.

தலைவர் பேசினார்.

"கிழக்குப் பகுதித் தேனீயை நான் நேரில் சந்தித்ததில்லை. ஆனால் ஒரு ராணிக்குத் தன் தேனீக்கள் அனைத்தையும் தெரியும். நான் பொறுப்பேற்றபோது இந்த வாரியத்துக்கு ஒரே ஓர் அறைதான். அப்போது எங்கு பார்த்தாலும் தேனீக்கள். யாரும் நம்மைச் சீண்டவில்லை. இன்று நமக்கு மூன்று தளங்கள், இரண்டு வேன்கள், ஒரு கருத்தரங்கக் கூடம். ஒவ்வொரு தேனீப் பணியிடம் காலியாகும்போதும் இந்த வாரியம் ஒரு படி உயர்ந்திருக்கிறது. இறந்தவரின் தியாகத்தால் அடுத்த ஆண்டு நிதியும் உயரும் என்று நம்புகிறேன். அவர் ஆன்மா வாரியத்தின் வரப்போகும் நான்காவது தளத்தில் இளைப்பாறட்டும்."

கைதட்டினார்கள். மேல் மாடிப் பூச்சிமருந்துத் துறையிலிருந்து பெரிய மாலை வந்திருந்தது. அவர்கள் மாலையை அனுப்புவதில் எப்போதும் முந்திக்கொள்வார்கள் என்று பட்டாம்பூச்சி அவள் காதில் சொன்னார்.

போகும்போது தலைவர் தேநீர் மேஜைப் பக்கம் வந்தார். இவர் யார் என்று கண்காணிப்பாளரைக் கேட்டார். இறந்தவங்க சார், என்றார் கண்காணிப்பாளர். தலைவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொண்டார். நன்றி என்று அவளும் சொன்னாள். வேறென்ன சொல்வது?

வரைபடத்தில் கிழக்குப் பகுதிக் குண்டூசி சிவப்பானது. அக்காவின் மனு அன்றே நகர்ந்தது.

*

பெட்டியை வேனிலேயே கொண்டுவந்தார்கள். நடுப்பகல். தோட்டம் முழுக்கச் சுருண்ட பூக்கள். தலைவர் நாடாவை வெட்டினார். பெட்டி நல்ல கனமான மரம். வெள்ளைச் சாயம் பூசி, நாலு பக்கமும் வாரியத்தின் பெயரையும் தலைவரின் பெயரையும் எழுதியிருந்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். தலைவர் கார் கிளம்பிய பிறகு அக்கா மூடியைத் திறந்தாள். உள்ளிருந்து புதுச் சாயத்தின் வாசனை வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அக்கா குனிந்து பார்த்தாள். மாமா கையை விட்டுத் துழாவினார்.

"தேனீ எங்கேங்க?" என்றாள் அக்கா.

கண்காணிப்பாளர் தர்மசங்கடமாகச் சிரித்தார். பெட்டி கொடுப்பது நல உதவிப் பிரிவு, தேனீ கொடுப்பது நியமனப் பிரிவு என்றார். இரண்டும் வேறு வேறு தளம். கிழக்குப் பகுதிக்குத் தேனீ கேட்டு விளம்பரம் கொடுத்தாயிற்று. ஆள் வந்ததும் பெட்டியை நிரப்பிவிடலாம், இதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

"இதுக்குள்ளயா?" என்றார் மாமா. "ஆளா?"

"உங்க கொழுந்தியா நல்ல தகுதியுள்ளவங்க," என்றார் கண்காணிப்பாளர், அவளைப் பார்த்து. "ஆனா என்ன பண்றது, இறந்துட்டாங்களே."

அவர் வேனில் ஏறிக்கொண்டார். ஏறும்போது, செடியில் நின்றிருந்த ஒரு பூசணிப் பிஞ்சை ஒரு கணம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடிவதற்கு முன் மூவரும் தோட்டத்தில் இருந்தார்கள். அவளுக்கு இனி பேருந்து இல்லை, வருகைப்பதிவு இல்லை. செத்துப்போனவள் மகரந்தத்தைத் தொட்டால் என்ன தண்டனை என்று விதியில் எழுதியிருக்கவில்லை. மாமா பெட்டியைத் தூக்கி வந்து முதல் வரிசையில் கவிழ்த்துப் போட்டார். அக்கா அதன் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கைக்கெட்டும் பூக்களை எல்லாம் முடித்துவிட முடிந்தது. முடித்ததும் கொஞ்சம் எழுந்தாள். மாமா பெட்டியை நகர்த்தினார். அக்கா மறுபடி உட்கார்ந்தாள்.

"தலைவர் மேலதானே உக்காந்திருக்கேன்?" என்று கேட்டாள்.

"பேர் மேல," என்றார் மாமா. "ஆள் காரோட போயிட்டாரு."

அவள் தனியாக அடுத்த வரிசைகளில் குனிந்து போனாள். ஆண்பூவைக் கிள்ளி, உரித்து, பெண்பூவுக்குள் மெல்லச் சுற்றி எடுத்தாள். பிறகு அடுத்தது. பூவுக்குள் பனி ஈரம் இருந்தது. யாரும் அதிகம் பேசவில்லை. பேசினால் நேரம் போகும். எங்கும் ஒரு ரீங்காரம் இல்லை. மாமா பெட்டியை இழுக்கிற சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

வெயில் ஏறியது. முதலில் ஓரங்கள் தளர்ந்தன, பிறகு இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவள் வேகமாகப் போனாள். கடைசியாகத் திறந்திருந்த ஒன்றை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு முடித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது தோட்டத்தில் பாதிக்கு மேல் தொடாமல் கிடந்தது.

அக்கா பெட்டி மேல் உட்கார்ந்தபடி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா," என்றாள் அவள்.

"நாளைக்கு வேற பூடி," என்றாள் அக்கா. எழுந்திருக்கக் கையை நீட்டினாள்.